ஒற்றை உரிமையாளர்

பேக்கரிக்காரரின் மாமனார் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் செத்துப்போனார். பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறைக் காப்பாளர் அவர். சாயங்கால ஷிப்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குளிரறைக் கதவு திறந்து கிடக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற இரண்டு பேர் அவரைத் தூக்கிப்போய், இத்தனை காலம் அவர் காத்துவந்த அறையிலேயே படுக்கவைத்தார்கள். வெளியே வந்து, பெரிய மனுஷன் தூங்குகிறார் என்பதுபோல், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்கள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இனி இதை யார் திறப்பது என்ற யோசனை அவர்களில் ஒருவருக்கு அதற்கப்புறம்தான் வந்தது. ஆனால் ஷிப்ட் முடிந்திருந்தது. யோசனையை வெளியே சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பேக்கரிக்காரர் தன் ரொட்டி வேனைக் கழுவித் துடைத்து, தட்டு அடுக்கும் கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். மாமியார் கைகால் விளங்காமல் படுக்கையில் கிடப்பவர். புருஷன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்கூட வேண்டாம் என்று பிடிவாதமாகப் படுத்திருந்தார்.

"சீக்கிரம் அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி. "அம்மா உதடெல்லாம் காஞ்சு கிடக்குது. ஸ்பூன்ல ஊத்தினாலும் துப்பிடறாங்க."

"போனதும் வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் அவர். அப்படித்தான் நம்பினார், பாவம்.

பிணவறை வாசலில் காவலாளி நின்றிருந்தார். மாமனாரோடு வருஷக்கணக்காக டீ குடித்தவர். அழுதழுது கண் வீங்கிக் கிடந்தது.

"தூக்கறதுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டான் மச்சான். மனைவியின் தம்பி அவன், வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஆளெல்லாம் இருக்குப்பா. கதவுதான் திறக்காது."

"சாவி யாருகிட்ட?"

"சாவியெல்லாம் எப்பவோ போயிடுச்சு. நம்பர் போடணும்."

"நம்பர் யாருக்குத் தெரியும்?"

காவலாளி கதவைக் கையால் காட்டினார். கதவில் எங்காவது எழுதியிருக்கிறதோ என்று பேக்கரிக்காரர் கிட்டப்போய்த் தேடினார்.

"கதவுல இல்லைங்க. உள்ள. அவருக்கு மட்டும்தான் தெரியும்."

பேக்கரிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காவலாளிதான் பொறுமையாக விளக்கினார். ஒரு காலத்தில் இந்தக் கதவின் நம்பர் நிலைச்சட்டத்தில் சாக்பீஸால் எழுதியிருக்குமாம். வருகிறவன் பார்ப்பான், அழுத்துவான், திறப்பான். பிணத்தைத் திருடிக்கொண்டு போனவன் எவனும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அணுகல் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று வந்தது. வந்த பிரிவு சும்மா இருக்குமா? இருக்கிற எல்லாக் கடவுச்சொற்களையும் வழித்தெடுத்துக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டகத்தில் போட்டுப் பூட்டியது. யார் பார்க்கலாம், யார் பயன்படுத்தலாம், யார் மாற்றலாம் என்று ஆளுக்கொரு அனுமதியை அளந்து கொடுத்தது. எல்லோருக்கும் மேலே உரிமையாளர். அவர்தான் மற்றவர்களுக்குப் பகிர முடியும். பிணவறை நம்பர் ஒவ்வொரு தடவை கதவு சாத்தும்போதும் மாறும். புது நம்பர் உரிமையாளரின் ஃபோனில், அவர் விரலை வைத்தால் மட்டும் தெரியும்.

"சரி, உரிமையாளர்னா நாலஞ்சு பேராவது இருப்பாங்கல்ல?"

"இருந்தாங்க. எந்தப் பிரிவுல அனுமதி குறைச்சலா இருக்கோ அவங்களுக்குக் கேடயம்னு அறிவிச்சாங்க. இங்க ஒவ்வொருத்தரா எடுத்து எடுத்து, உங்க மாமா ஒருத்தர்ல வந்து நிறுத்தினாங்க. முதல் பரிசு நமக்குத்தான்." காவலாளி சுவரைக் காட்டினார். வெள்ளிப் பூச்சு பூசிய கேடயம் ஒன்று ஆணியில் தொங்கியது. மச்சான் அதைப் பார்த்த பார்வையில் அது உருகாமல் இருந்ததே பெரிது.

தாழ்வாரத்தில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் நின்றன. மாமனாருக்குப் பிறகு செத்தவர்கள். உள்ளே வைக்க வழியில்லாமல் மின்விசிறிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். ஒன்றின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, செத்துப்போன தன் அண்ணனை எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறுவதை நிறுத்தினால் ஈ உட்கார்ந்தது.

கட்டுப்பாட்டுப் பிரிவின் கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். முகம் கொடுத்துப் பேசினாள்.

"நீங்க யாருங்க?"

"மருமகன்."

"அது இல்லைங்க. உங்ககிட்ட என்ன அனுமதி இருக்கு?"

"அனுமதியா? என்கிட்ட பேக்கரிதாங்க இருக்கு."

"அப்ப வெளியாள்னு போட்டுக்கறேன்." டக் டக்கென்று தட்டினாள். "உரிமையாளருக்கு வேண்டுகோள் அனுப்பறேன். அவர் சரின்னு அழுத்தினார்னா ஒரு நிமிஷ வேலை."

"அம்மா, அந்த உரிமையாளர்தாம்மா செத்துட்டாரு."

"சிஸ்டத்துல பணியில இருக்கார்னு காட்டுதே. பாருங்க, பச்சைப் புள்ளி எரியுது." திரையைத் திருப்பிக் காட்டினாள். மாமனாரின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி பச்சைப்பசேலென்று இருந்தது. "ஷிப்டுக்கு வந்தவர் வெளியே போனதா பதிவே இல்லைங்க. நீங்க கதவுகிட்ட போய் நில்லுங்க. பதில் வந்ததும் சொல்றேன்."

பேக்கரிக்காரர் திரும்பிப்போய்க் கதவருகே நின்றார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. மாமனாரின் ஃபோன் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அதுவரை கடப்பாரை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்த மச்சான், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்பனின் ஃபோன் சத்தம் அவனுக்குத் தெரியாதா என்ன.

"போய்ச் சேர்ந்துடுச்சுங்க," என்றாள் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்த பெண், திருப்தியாக. "இனி அவர் பாடு."

அவர் பாடு முடிந்து ஒரு பொழுதாகியிருந்தது. இருந்தாலும் அடிக்கடி நினைவூட்டல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே டிங் என்று கேட்டது. ஒவ்வொரு டிங்குக்கும் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் இருந்த பெண் விசிறுவதை நிறுத்திக் கதவைப் பார்த்தாள்.

இறந்துவிட்டார் என்று பதிவு செய்துவிட்டால் புள்ளி அணைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். பேக்கரிக்காரர் டாக்டரைத் தேடிப் பிடித்தார். இளவயசு டாக்டர். தூக்கமில்லாத முகம்.

"நான்தானே பார்த்தேன். செத்துட்டார். அதுல சந்தேகமே இல்ல," என்றார் டாக்டர்.

"அதை எழுதிக் கொடுத்துடுங்க சார்."

"எழுதற பக்கத்துல எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. போன மாசம் குறைச்சுட்டாங்க. இறப்பைப் பார்க்கலாம், பதிய முடியாது. பதியறவர் மாடியில இருக்கார். அவருக்குப் பதிய அனுமதி உண்டு. ஆனா உடம்பைப் பார்த்துட்டுத்தான் பதிவார்."

"உடம்பு உள்ள இருக்கே."

"ஆமா. உள்ள இருக்கு," என்றார் டாக்டர். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "முன்னாடியெல்லாம் ஒரு காகிதத்துல எழுதி நீட்டிடுவோம். இப்ப எங்க கையெழுத்துக்கு மதிப்பில்ல."

மத்தியானம் தாண்டியது. மனைவி மூன்றாவது தடவையாகவோ நாலாவது தடவையாகவோ கூப்பிட்டாள். இதோ, இதோ என்று சொல்லிச் சொல்லி பேக்கரிக்காரருக்கு வாய் கூசியது. அம்மாவின் நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறுகிறது என்றாள் அவள். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி கவுண்டருக்கு ஓடினார்.

கவுண்டர் பெண்ணின் முகம் இப்போது இறுகியிருந்தது. "உங்க மாமனார் இப்படிப் பண்ணியிருக்கக்கூடாதுங்க."

"என்ன பண்ணாரு?"

"ஒரு நினைவூட்டலுக்கும் பதில் இல்ல. பணியில மெத்தனம்னு சிஸ்டமே விளக்கம் கேட்டு மெமோ அனுப்பிடுச்சு. அதுக்கும் பதில் சொல்லலை. இப்ப தற்காலிகப் பணிநீக்கம் ஆயிட்டார். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி இல்ல, கடைசில இப்படியா?"

"செத்தவரை எப்படிம்மா சஸ்பெண்ட் பண்ணுவீங்க?"

"செத்தவரைப் பண்ணமாட்டாங்க. அவர் செத்ததாதான் பதிவு இல்லையே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சஸ்பெண்டுல இருக்கறவர் எதுக்கும் சரி சொல்ல முடியாது. அதனால உங்க வேண்டுகோளும் நின்னுபோச்சு. எனக்கே வயித்தெரிச்சலா இருக்குங்க. பெரியவரைப் பாருங்க."

பெரியவர் என்பது பிரிவின் தலைவர். அவர் அறைக்குள் நுழைய மட்டும் எந்த நம்பரும் தேவைப்படவில்லை. கதவு விரியத் திறந்திருந்தது. இஸ்திரி கலையாத சட்டை, சாந்தமான முகம். பேக்கரிக்காரரையும் மச்சானையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றார் தலைவர். "ஆனா நடந்ததை நீங்க வேற கோணத்துல பார்க்கணும். முழுப் பாதுகாப்புன்னா என்ன? யாராலயும் திறக்க முடியாத கதவு. உலகத்துல எவனும் அடையாதது அது. ஒருத்தருக்காவது அனுமதி இருக்கற வரைக்கும் ஒரு ஓட்டை இருக்குன்னுதான் அர்த்தம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து பிணவறைல அந்த ஓட்டையும் அடைபட்டுடுச்சு. உங்க மாமனார் சாதிச்சிருக்கார்."

மச்சான் எழுந்தான். "கதவை உடைச்சா என்ன?"

"உடைக்கலாம். உடைச்சா அத்துமீறல்னு பதிவாகும். இந்த ஆஸ்பத்திரில இதுவரைக்கும் அத்துமீறல் பூஜ்யம். வாசல்ல போர்டு பார்த்திருப்பீங்க. அந்தப் பூஜ்யத்துக்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைச்சிருக்காங்க தெரியுமா தம்பி? ஒரு பிணத்துக்காக அதைக் கெடுத்துக்க முடியுமா?"

"எங்கப்பா ஒரு பிணமா?"

"அப்படிச் சொல்லலை," என்றார் தலைவர் அவசரமாக. "சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் அவர் பிணமே இல்ல."

அவனைப் பிடித்து உட்காரவைப்பதற்குள் பேக்கரிக்காரருக்கு மூச்சு வாங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காவலாளி வாசலில் வந்து நின்றார். ஓடி வந்திருந்தார்.

"சார், குளிர் மிஷின் சத்தம் நின்னுபோச்சு."

தலைவர் ஒன்றும் பதறவில்லை. கதவுப் பலகையில் அடிக்கடி ஒரு பொத்தான் எரியும், உரிமையாளர் வந்து 'இருக்கிறேன்' என்று அழுத்த வேண்டும், ஒரு ஷிப்ட் முழுக்க யாரும் அழுத்தாவிட்டால் அந்த அறை பயன்பாட்டில் இல்லை என்று முடிவுகட்டி இயந்திரம் தானாக நின்றுவிடும், மின்சாரம் மிச்சம் என்று விளக்கினார். அந்த ஏற்பாட்டையும் அவர்தான் கொண்டுவந்தாராம்.

மாவு வைக்கிற குளிர்பெட்டி ஒரு பகல் நின்றுபோனால் உள்ளே என்ன ஆகும் என்று பேக்கரிக்காரருக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கிற மாமியாருக்கு எந்த முகத்தைக் கொண்டுபோய்க் காட்டப்போகிறோம் என்று நினைத்தார். சட்டென்று தலைவரின் காலில் விழுந்துவிட்டார். மானம் போகிறதே என்றெல்லாம் தோன்றவில்லை.

"எந்திரிங்க, எந்திரிங்க. வழி இல்லாம இல்ல," என்றார் தலைவர். "உங்க மாமனார் சஸ்பெண்ட் ஆனதால அவர் இடம் காலி. காலி இடத்துக்கு உடனே ஒருத்தரைத் தற்காலிகமா போடலாம். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. அந்த இடத்துல யார் உட்காருறாங்களோ, உரிமை தானா அவங்களுக்குப் போயிடும். யாரைப் போடறது?"

"இவரைப் போடுங்களேன்," என்று காவலாளியைக் காட்டினார் பேக்கரிக்காரர்.

"அவர் ஏற்கெனவே ஒரு பதவியில இருக்கார். ஒருத்தருக்கு ரெண்டு பதவின்னா ரெண்டு அனுமதி ஆயிடும். வெளியாள்தான் சரி. கையில எந்த அனுமதியும் இல்லாத சுத்தமான ஆள்." தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை மாதிரி."

வேறு என்ன செய்வார்? சரி என்றார். படம் எடுத்தார்கள், விரலைப் பதித்தார்கள், அவர் ஃபோனில் பெட்டகத்தை ஏற்றினார்கள். காலையிலிருந்து நகராத காரியம், டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஃபோனில் பச்சைப் புள்ளி எரிந்தது. உரிமையாளர் என்று அவர் பெயரைப் போட்டிருந்தது.

விரலை வைத்தார், நம்பர் வந்தது, அழுத்தினார், கதவு திறந்தது. இயந்திரம் உறுமிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது. உள்ளே இன்னும் கொஞ்சம் குளிர் மிச்சமிருந்தது. மாமனார் காக்கிச் சட்டையோடு மல்லாந்து படுத்திருந்தார். முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் பேக்கரிக்காரருக்கு உயிர் வந்தது. அவருடைய சட்டைப் பையில் ஃபோன் மினுக்கியது. வேண்டுகோள்கள், நினைவூட்டல்கள், மெமோ, கடைசியாகத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. பேக்கரிக்காரர் அதை அணைத்தார்.

"மாமா, கிளம்பலாம் மாமா," என்றார். குரல் உடைந்துவிட்டது.

மச்சானும் காவலாளியும் தூக்கிக்கொண்டு போனார்கள். காலியான இடத்துக்குத் தாழ்வாரத்தில் கிடந்தவர்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். எக்ஸ்ரே கவரோடு இருந்த பெண் அண்ணனின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். கதவு பூட்டிக்கொண்டது. பேக்கரிக்காரர் வேனில் ஏறப் போனார்.

"அண்ணே," என்றாள் அவள். "எங்க வீட்டு ஆளுங்க வெளியூர்லேர்ந்து வந்துட்டிருக்காங்க. நாளைக்கு வந்துதான் எடுப்போம். நீங்க போயிட்டா கதவை யாருண்ணே திறப்பாங்க?"

பேக்கரிக்காரர் ஏறிய காலைக் கீழே வைத்தார். ஃபோனை எடுத்து, பகிர் என்பதை அழுத்திக் காவலாளியைத் தேர்ந்தெடுத்தார். இன்னொருவரை உரிமையாளராகச் சேர்க்க இரண்டு உரிமையாளர்களின் ஒப்புதல் தேவை என்று வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதுவே வந்தது. வாசலுக்கு வந்திருந்த தலைவரிடம் நீட்டினார்.

"ஆமா, ரெண்டு பேர் வேணும்," என்றார் தலைவர். "ஒருத்தரே முடிவு பண்ணிட்டா தப்பு நடந்துடும் பாருங்க."

"ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?"

"சேர்த்தாத்தான் வருவார்."

"அப்ப என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுங்க. என்னைப் போட்ட மாதிரியே போடுங்க."

"தற்காலிகத்துக்கு மேல தற்காலிகம் போட எனக்கு அதிகாரம் இல்ல. மேலிடத்துக்கு எழுதறேன், ஆள் போடுவாங்க. அதுவரைக்கும் நீங்க போகக்கூடாதுன்னு சட்டமெல்லாம் இல்ல. தாராளமா போகலாம். நாங்க யாரையும் கட்டிப்போடறதில்ல. ஷிப்ட் முடியும்போது மிஷின் நிக்கும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவர் கேடயத்தைத் துடைத்து நேராக மாட்டினார். பிணவறை மறுபடி ஒரே அனுமதிக்கு வந்துவிட்டது என்பதில் அவருக்குச் சின்னச் சந்தோஷம்.

"ஏறுங்க அத்தான்," என்றான் மச்சான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "எவன் எக்கேடு கெட்டா நமக்கென்ன? உங்க மாமனாரோட காரியத்துக்கு நீங்க இல்லாம எப்படி?"

பேக்கரிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. கையில் எக்ஸ்ரே கவரை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். உள்ளே இருக்கிற அண்ணன் முகத்தை நாளைக்கு இவள் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தார். தன் நல்ல மனசை நினைத்து அவருக்கே எரிச்சலாக வந்தது. தன்னை மாதிரி எவனாவது ஒருத்தன் கிடைத்துக்கொண்டே இருப்பதால்தான் அந்தப் பெரிய மனுஷன் சட்டை கலையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"நீ கிளம்பு," என்றார் மச்சானிடம். "அத்தை தண்ணி குடிக்காம கிடக்கறாங்க. சீக்கிரம் போ."

வேன் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மனைவியைக் கூப்பிட்டார்.

"அப்பா கிளம்பிட்டாரு. முகத்துக்கு ஒண்ணும் ஆகலை. அத்தைகிட்ட சொல்லு, வந்ததும் பார்க்கலாம்னு."

"நீங்க?"

"இங்க ஒரு சிக்கல். கதவுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஆள் போடறேன்னு சொல்லியிருக்காங்க. ஆள் வந்ததும் நேரா வந்துடறேன்."

 

"நம்ம கல்யாணத்தன்னிக்குக் காலையில அப்பா ஃபோன் பண்ணாருங்க," என்றாள் அவள். "ஆள் வந்ததும் நேரா வந்துடறேன்மான்னாரு. மண்டபத்து வாசல்லயே நின்னு பார்த்துட்டிருந்தேன். நீங்ககூட என்ன மனுஷன் இவர்னு திட்டினீங்க. அன்னிலேர்ந்து அப்பாகிட்ட நான் சரியா முகம் கொடுத்துப் பேசினதில்லைங்க." அவள் அழத் தொடங்கினாள்.

பேக்கரிக்காரர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். தாழ்வாரத்தின் கோடியில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தலையிலிருந்து கால்வரை மூடிய ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஒரு கிழவர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். கதவைத் திறங்க, கதவைத் திறங்க என்று ஸ்ட்ரெச்சர்காரர்கள் தூரத்திலிருந்தே சொன்னார்கள். கதவு நம்பர் வருவதும் அந்த ஃபோனில்தான். அழுதுகொண்டிருந்தவளின் அழைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பேக்கரிக்காரர் விரலை வைக்க வேண்டியிருந்தது.